வாயை மூடப் படித்த வருடம்

ஆகஸ்ட் 26, திங்கள்

ஐம்பத்திரண்டு வயதில் பைக்குள் பென்சில் போட்டுக்கொண்டு கம்யூனிட்டி காலேஜுக்குப் போய் வந்தேன். ஆசிரியை என்று நினைத்து ஒரு பெண் எனக்குக் கதவைத் திறந்து பிடித்தாள். நானும் அவளைத் திருத்தவில்லை.

இத்தனை காலமும் என் நாத்தனார் பெர்னடெட்டின் சலூனில் முடி வெட்டிக்கொண்டிருந்தேன். வெட்டுகிற நேரத்திலேயே விவாகரத்து, உயில், வேலிச் சண்டை எல்லாவற்றுக்கும் வழி சொல்லி அனுப்புவேன். எங்கள் ஊரான பியூப்ளோவில் பாதிப் பேர் முடிக்காக எங்கள் கடைக்கு வருவதில்லை, என் வாய்க்காகத்தான் வருகிறார்கள். "நீ வக்கீலா இருக்க வேண்டியவ கொரீன்" என்று சொல்லிச் சொல்லியே என்னை ஏற்றிவிட்டார்கள். வக்கீலாக இனி ஆயுசு போதாது. வக்கீலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கும் பாராலீகல் ஆக இந்தப் படிப்பு போதுமாம்.

ஆகஸ்ட் 28

ஆசிரியை ஹோல்ம்பெர்க் நடத்திய முதல் பாடம்: பாராலீகல் யாருக்கும் சட்ட ஆலோசனை சொல்லக் கூடாது. பழைய தீர்ப்புகளைத் தேடலாம், மனுவை எழுதலாம், வக்கீலின் பெட்டியைக்கூடத் தூக்கலாம். ஆனால் ஓர் ஆளைப் பார்த்து "இப்படிச் செய்யுங்கள்" என்றால் அது சட்டவிரோதம்.

ராத்திரிச் சாப்பாட்டில் இதைச் சொன்னதும் எலோய் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "அப்போ பணம் கட்டி வாயை மூடக் கத்துக்கப் போறியா? இத்தனை வருஷமா நான் சும்மாவே சொல்லிக்கிட்டு இருந்தேனே!"

தனக்கு நகைச்சுவை வரும் என்று என் வீட்டுக்காரருக்கு ஓர் எண்ணம்.

செப்டம்பர் 21

மிளகாய் அறுவடைக் காலம். தெருவெல்லாம் சுடுகிறார்கள், கண் எரிகிறது. சனிக்கிழமை என்பதால் சலூனில் கூட்டம். தபால்காரர் மனைவி தலையைத் தொட்டியில் சாய்த்தபடி, "பக்கத்து வீட்டான் என் பீச் மரத்தை வெட்டிட்டான், என்ன பண்ணலாம்?" என்றாள்.

"அதை நான் சொல்லக் கூடாதுங்க."

"காலேஜுக்குப் போறதுக்கு முன்னாடி உனக்கு எல்லாம் தெரிஞ்சிருந்ததேடி!"

பெர்னடெட் அந்தப் பக்கமிருந்து, "வர்ற வாடிக்கையை விரட்டவா படிக்கப் போனே?" என்றாள்.

அக்டோபர் 17

வகுப்பில் ஒரு பயிற்சித் தேர்வு. ஹோல்ம்பெர்க் விதவை வேடம் போட்டு என் முன்னால் உட்கார்ந்து, மகன் வீட்டை எழுதிக் கேட்கிறான் என்று அழுதார். நன்றாகவே அழுதார். எனக்குப் பொறுக்கவில்லை. "செத்தாலும் எழுதிக் குடுக்காதீங்க!" என்று கத்திவிட்டேன்.

பூஜ்யம்.

"நீங்க சொன்னது சரிதான் கொரீன். அதுக்குத்தான் பூஜ்யம்" என்றார் மூக்கைத் துடைத்துக்கொண்டே.

டிசம்பர் 12

மறுதேர்வு. கேட்ட எல்லாவற்றுக்கும் "வக்கீலைக் கேட்டுச் சொல்கிறேன்" என்றேன். முழு மதிப்பெண்.

ஜனவரி 21

இன்றிலிருந்து வக்கீல் டெல்வெக்கியோவின் அலுவலகத்தில் பயிற்சி. சரியாக நடந்துகொண்டால் மே மாதம் வேலையே தருவாராம். புதுக் கட்சிக்காரர் யார் வந்தாலும் இரண்டு தரப்புப் பெயரையும் முதலில் கணினியில் தட்டிப் பார்க்க வேண்டும். எதிராளி நமக்கு வேண்டப்பட்டவராக இருந்துவிடக் கூடாதல்லவா? தட்டுவது என் வேலை.

பிப்ரவரி 11

சலூன் இருக்கும் கட்டடத்தைப் புதிதாக வாங்கியவர் கட்சிக்காரராக வந்தார். எதிர்த் தரப்பு: பெர்னடெட் அர்ச்சுலெட்டா. முரண் ஏதும் இல்லை என்றது கணினி. அதற்கு என்ன தெரியும்? ஞாயிறுதோறும் அவள் கையால் சாப்பிடுகிறவள் நான்.

நேரே போய் டெல்வெக்கியோவிடம் சொன்னேன். அந்தக் கோப்பு என் கண்ணிலேயே படாதபடி பூட்டிவிடுவதாகச் சொன்னார். "இவர் இங்க வந்ததே உங்க வீட்ல யாருக்கும் தெரியக் கூடாது. உங்க வீட்டுக்காரருக்கும்தான். எதிராளிக்கு வக்கீல் இல்லேன்னா, விதிப்படி நாம சொல்லக்கூடியது ஒரே ஒரு அறிவுரை: 'ஒரு வக்கீலைப் பாருங்க.' அதுக்கு மேல ஒரு எழுத்து கூடாது."

பிப்ரவரி 16, ஞாயிறு

பெர்னடெட் வீட்டில் பன்றிக்கறியும் பச்சை மிளகாயும் போட்ட குழம்பு. சாப்பாட்டுக்கு நடுவில் அவளே ஆரம்பித்தாள். கட்டடத்தின் புது முதலாளி டோனட் வாங்கிக்கொண்டு சலூனுக்கு வந்தாராம். ரொம்ப மரியாதையான மனிதராம்! "கட்டடம் கைமாறிட்டதால பழைய குத்தகை செல்லாதாம். காலி பண்றேன்னு ஒரு கையெழுத்துப் போட்டுட்டாப் போதுமாம். புதன்கிழமை வர்றார். போட்டுடலாமாடி?"

பொய். முழுப் பொய். கட்டடத்தை விற்றாலும் குத்தகை சாகாது, வாங்கியவனையும் அது கட்டும் என்று போன செமஸ்டரிலேயே படித்தேன். ஊருக்கெல்லாம் அரைகுறையாக அளந்த காலத்தில் இது எனக்குத் தெரியாது. இப்போது நன்றாகத் தெரிகிறது.

"ஒரு வக்கீலைப் பாருங்க அண்ணி."

"உன்னைத்தானே கேக்கறேன்."

"வக்கீலைப் பாருங்க."

"ஊர்ல இருக்கற அத்தனை பேருக்கும் உனக்கு வாய் இருந்தது. எனக்குன்னா மட்டும் வக்கீலா?"

எலோய் என் பக்கம் திரும்பி, "சொல்லித் தொலையேன்" என்றார். நான் தட்டைக் கழுவ எழுந்தேன்.

பிப்ரவரி 17

சொல்லிட்டா என்ன? ஒரே ஒரு வரிதானே! யாருக்குத் தெரியப் போகுது? — எனக்குத் தெரியும். சொன்னா என் வேலை போச்சு, படிச்ச படிப்பும் போச்சு. சொல்லலேன்னா அவ கடை போச்சு. நான் கத்திரியே பிடிக்கத் தெரியாம வந்தப்போ நாற்காலி குடுத்தவ அவ. பாவி மனுஷன், டோனட்டா வாங்கிட்டு வர்றான் டோனட்!

பிப்ரவரி 18

அலுவலகத்திலிருந்து நேராக சலூனுக்குப் போனேன். பெர்னடெட் தபால்காரர் மனைவிக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். வாசலில் நின்றே சொன்னேன்: "ஒரு வக்கீலைப் பாருங்க அண்ணி." அவள் திரும்பவில்லை. கெஞ்சிச் சொன்னேன். அதட்டிச் சொன்னேன். உலர்த்தும் இயந்திரத்தின் இரைச்சலுக்கு மேலே கத்தினேன். அதே வார்த்தைகள்தான், ஓர் எழுத்து கூடச் சேர்க்கவில்லை.

கடைசியில் சாயத் தூரிகையை என்மேல் வீசினாள். "பாக்கறேன்டி! நல்ல வக்கீலாவே பாக்கறேன். அப்புறம் உன் மூஞ்சியில முழிக்கறேனான்னு பாரு!"

சட்டை பாழ். காருக்குள் உட்கார்ந்து அழுதேன், பிறகு சிரிப்பு வந்தது.

மார்ச் 5

பெர்னடெட் கையெழுத்துப் போடவில்லை. யுவோன் மாண்டோயா என்று ஒரு வக்கீலைப் பிடித்திருக்கிறாள். அந்தப் பெண் குத்தகையைப் பார்த்த உடனே செல்லும் என்று சொல்லிவிட்டாளாம். ஊரெல்லாம் மாண்டோயா புராணம். எலோய் கேட்டார்: "இது உனக்குத் தெரியாதா கொரீன்?"

"தெரியாது" என்றேன். என் வாழ்க்கையில் இவ்வளவு நாக்கூசிச் சொன்ன பொய் வேறில்லை.

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு என்னை அழைப்பதில்லை.

ஏப்ரல் 9

வரவேற்புப் பெண் சாப்பிடப் போனதால் அவள் இடத்தில் நான். கதவைத் திறந்துகொண்டு மாண்டோயா வந்தாள், பின்னாலேயே பெர்னடெட். சமரசப் பேச்சுக்காம்.

"வாங்க. காபி குடிக்கறீங்களா?" என்றேன்.

நான் எந்த வக்கீலிடம் பயிற்சி பெறுகிறேன் என்று பெர்னடெட் ஒருநாளும் கேட்டதில்லை. சுவரில் இருந்த டெல்வெக்கியோவின் பெயரைப் பார்த்தாள். என் சட்டையில் குத்தியிருந்த பெயர் வில்லையைப் பார்த்தாள். மறுபடி சுவரைப் பார்த்தாள்.

"சர்க்கரை வேண்டாம்" என்றாள்.

மே 16

பட்டம் வாங்கினேன். பெர்னடெட்டின் விவகாரமும் முடிந்தது: சலூன் இருந்த இடத்திலேயே இருக்கும், குத்தகைக் காலம் முழுவதும்.

தோற்ற டெல்வெக்கியோ என்னை உள்ளே கூப்பிட்டார். "நாத்தனார்கிட்ட என்ன சொன்னீங்க?"

"நீங்க சொல்லச் சொன்னதைத்தான்."

"இவ்வளவு அழுத்தமாச் சொல்லச் சொல்லலையே" என்றார். "அவங்க சாப்பாட்டு மேசையில உட்கார்ந்து வாயை அடக்கினவங்களை எங்க வேணும்னாலும் உட்கார வைக்கலாம். ஜூன்ல வந்துடுங்க."

மே 24, சனி

புது வேலைக்கு முடி வெட்டிக்கொள்ளப் போனேன், வாடிக்கையாளராக. பெர்னடெட் துணியைப் போர்த்திக் கழுத்தில் இறுக்கினாள், தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே. அடுத்த நாற்காலியிலிருந்து தபால்காரர் மனைவி, "கொரீன், அந்த மரத்து விஷயம்..." என்று ஆரம்பித்தாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் பெர்னடெட் கத்திரியை ஓங்கினாள். "அவகிட்டக் கேக்காதீங்க. அவ படிச்சவ."

பிறகு என் தலையைக் குனிய வைத்து, காதுக்குப் பக்கத்தில் மெல்லச் சொன்னாள். "நாளைக்கு ஒரு மணிக்கு வந்துடு. குழம்பு வைக்கறேன்."