தோய்த்த கயிறு

அண்ணை,

அந்தச் சனிக்கிழமை நான் சொல்லாமல் விட்டது ஒரேயொரு வசனம்: "கயிற்றை நான்தான் தோய்ச்சனான்."

இன்று காலை கொடியில் உடுப்பு விரிக்கும்போது ஈரப் பருத்தியும் சவர்க்காரமும் சேர்ந்த மணம் வந்தது. பாதி உடுப்பை வாளியிலேயே விட்டுவிட்டு உள்ளே வந்து இதை எழுதுகிறேன். உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து ஒரு கிழமைதான் ஆகிறது.

வெளிநாட்டுப் பலகை கப்பலில் வருவது நின்றுபோன காலம் அது. துறைமுகத்தடியில் மரம் அறுத்து விற்ற எங்கள் மரக்காலைக்கு ஈச்சிலம்பற்றுப் பக்கத்துக் காட்டு மரம்தான் கதி. அதைக் கொண்டுவந்து கொடுப்பவர் மூதூர் முஸ்லிம் வியாபாரி ஒருவர்; எங்கள் எல்லோருக்கும் அவர் காக்கா. மரத்தின் விலை அதன் சுற்றளவில்; அதை அளப்பது நீங்கள். பக்கத்து மேசையில் தட்டச்சு செய்வது நான். வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம். முதலாளியின் கயிற்றால் அளந்தால் மரம் மெலியும், காக்காவின் கயிற்றால் அளந்தால் அதே மரம் கொழுக்கும். மூன்று கிழமையாக இதுதான் சண்டை. மரம் மூதூர்த் துறையிலேயே கிடந்தது. எங்கள் வாள் ஓடவில்லை. கிண்ணியாவில் வள்ளம் கட்டுகிறவர்கள், பலகை ஏறாமல் விலாச் சட்டத்தோடு நின்ற வள்ளங்களுக்குள் இருந்து தாயம் விளையாடினார்கள். நகரத்தில் ஒரு கலியாணம் சீதன அலுமாரிக்காகத் தள்ளிப்போனது. பெண்ணின் தகப்பன் தினமும் வந்து, கதவில்லாத அலுமாரி என்றாலும் பரவாயில்லை என்று கேட்டார்.

இரண்டு பக்கமும் நம்பிய ஒரே ஆள் நீங்கள். புதிய பருத்திக் கயிறு வாங்கி, இரும்பு அளவுகோலில் பிடித்து, அடிக்கு ஒரு சிவப்பு நூல் கட்டினீர்கள். "இந்தக் கயிறு பிழைச்சுதெண்டால் அண்டைக்கே நான் வேலையை விட்டிடுவன்," என்றீர்கள். அந்தச் சத்தியத்தை உங்களிடம் யாரும் கேட்கவில்லை. உங்கள் வீட்டில் நான்கு பிள்ளைகள் இருந்தார்கள்.

வியாழக்கிழமை மரம் மரக்காலைக்கு வந்தது, அளவு நன்றாகப் போனது. வெள்ளிக்கிழமை காக்கா பள்ளிவாசலுக்குப் போவதால் அளவு வேலை இல்லை. பாலை மரத்தின் பால் ஒட்டிக் கறுத்துப்போன கயிறு என் கதிரைக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. சாய்ந்தால் என் பின்னலைப் பிடித்துக்கொண்டது. சுடுதண்ணீரில் சவர்க்காரம் போட்டுத் தோய்த்து, தகரக் கூரையில் காயவைத்தேன். வெள்ளை வெளேரென்று திரும்ப மாட்டியபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. புதுப் பருத்தி தோய்த்தால் சுருங்கும் என்பதை என் பாவாடைகள் எத்தனை தரம் எனக்குக் காட்டியிருக்கின்றன. அன்றைக்கு ஒரு பாவாடையும் நினைவுக்கு வரவில்லை.

சனிக்கிழமை காலை, வியாழன் அளந்த மரம் ஒன்றைச் சோதனைக்குத் திரும்ப அளக்கச் சொன்னார் முதலாளி. சிவப்பு நூல்கள் ஒன்றுக்கொன்று கிட்ட வந்திருந்தன. மரம் இரண்டு விரற்கடை கொழுத்திருந்தது.

"பாத்தீங்களா முதலாளி," என்றார் காக்கா. "வெட்டின பிறகும் வளருது. அது ஈச்சிலம்பற்று மண்."

"ரெண்டு நாளில இவ்வளவோ? ஒரு மாசம் விட்டு வையுங்கோ, துறைமுகத்தை அடைச்சிடும்."

"ஏலாது. அதுக்குள்ள உங்கட கயிறு அதைப் பட்டினி போட்டுச் சாகடிச்சிடும்."

நீங்கள் சிரிக்கவில்லை. கயிற்றை இரும்பு அளவுகோலில் பிடித்துப் பார்த்தீர்கள். பிறகு ஒருமுறை மூக்கருகே கொண்டுபோனீர்கள். என் பக்கம் திரும்பவேயில்லை.

"கயிறு சுருங்கிக் கட்டையாப் போச்சு," என்றீர்கள்.

"ஆர் அதில கை வச்சது?" என்று கேட்டார் முதலாளி.

"கயிறு என்ர பொறுப்பு. வேற ஆரையும் விசாரிக்க வேண்டாம். சொன்னது சொன்னதுதான்."

நான் படித்த நாவல்களில் இப்படியான இடத்தில் ஒருத்தி எழுந்து நின்று உண்மையைச் சொல்லுவாள். நான் காகிதம் இல்லாத தட்டச்சுப் பொறியில் விடாமல் தட்டிக்கொண்டிருந்தேன். நீங்கள் குடையையும் சாப்பாட்டுக் கரியரையும் எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டு ஒழுங்கை முகப்பு வரை வந்து திரும்பினேன். பிறகும் சொல்லவில்லை. எங்கேயாவது பிழைக்கு ஆள் தேடத் தொடங்கினால், "வேற ஆரையும் விசாரிக்க வேண்டாம்" என்ற உங்கள் குரல்தான் எனக்கு முதலில் கேட்கிறது. இப்போது சில வேளை என் வாயிலிருந்தும் அது வருகிறது. உங்கள் அளவுக்குக் கம்பீரமாக இல்லை.

திங்கட்கிழமை முதலாளியும் காக்காவும் தாங்களே அளக்கத் தொடங்கி, முதல் மரத்திலேயே ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். பதினொரு மணிக்கு இருவரும் ஒரே காரில் உங்கள் வீட்டுக்குப் போனார்கள். மத்தியானம் நீங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து வந்து இறங்கினீர்கள். வேறொரு கயிறு வாங்கி நூல் கட்டினீர்கள். பின்னேரம் அளவு முடிந்ததும் அதை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டி, அந்தப் பூட்டின் திறப்பை என் மேசையில் வைத்தீர்கள். நீங்கள் ஓய்வு பெறும்வரை ஆறு வருடம் அது என்னிடமே இருந்தது.