பதினோரு மணி ஏலத்தை ஒன்பதுக்குள் முடித்தது பற்றி

அனுப்புநர்
வாய்க்கால் கடைசி வீட்டு உழவரின் மனைவி
(தங்கள் பதிவேட்டில் "பாக்கிதாரர் சம்சாரம்")

பெறுநர்
வருவாய்த் துறை மேலதிகாரி அவர்கள்
தலைமை அலுவலகம்

பொருள்: அறிவித்த நேரத்துக்கு முன்பே நடந்த பண்ணை ஏலத்தை ரத்து செய்யக் கோரியும், என்மேல் கொடுத்துள்ள திருட்டுப் புகாரை மறுத்தும்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதை நானே எழுதுகிறேன். எழுத்தில் பிழை இருக்கலாம், விஷயத்தில் இல்லை.

1. எங்களுக்கு வரி பாக்கி உண்டு. இரண்டு வருஷம் மழை பொய்த்தது. மூன்றாம் வருஷம் என் கணவர் வைக்கோல் போரிலிருந்து விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். பாக்கியையும் மறுக்கவில்லை, ஏலம் போடத் தங்களுக்குள்ள உரிமையையும் மறுக்கவில்லை.

2. எங்கள் சுவரில் ஒட்டிய அறிவிப்பில் இம்மாதம் ஏழாம் தேதி காலை பதினோரு மணி என்று இருக்கிறது. அதைச் சுண்ணாம்போடு பெயர்த்து இத்துடன் இணைத்துள்ளேன். ஏல அதிகாரி வந்ததோ எட்டரை மணிக்கு. கூட வந்தவர்கள் அவருடைய மச்சினனான அரிசி மில் முதலாளியும் மில் வேலையாட்கள் இரண்டு பேரும் மட்டுமே. "பதினோரு மணின்னு போட்டிருக்கீங்களே, ஊர்க்காரங்க யாரும் வரலையே" என்றேன். "நான் வந்தா அதுதான் நேரம். நீ போய் அடுப்பைப் பாரு" என்றார்.

மில் சங்கு ஒன்பதுக்கு ஊதும். அது ஊதியபோது நிலம், வண்டி, ஏர், உழவு மாடுகள் இரண்டு, எல்லாம் மில் முதலாளி ஒருவர் பெயருக்கே போய்விட்டிருந்தன. விலை கேட்டவரும் அவரே, அதற்குமேல் கேட்காமல் விட்டவரும் அவரே. ஊதியது அவருடைய சங்கு என்பதால் நேரத்தை அவரும் மறுக்க முடியாது.

3. அதன்பின் மில் முதலாளி உள்ளே வந்து, என் கணவர் படுத்திருந்த கட்டிலைத் தட்டிப் பார்த்து, "நல்ல தேக்கு, மச்சான்" என்றார். அதிகாரி அதையும் பட்டியலில் ஏற்றினார். "ஆளைக் கீழே இறக்குங்க" என்றார். வேலையாட்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்களே தவிர நகரவில்லை. நானே என் கணவரை அணைத்துப் பாயில் இறக்கினேன். வலியில் அவர் உதட்டைக் கடித்ததில் ரத்தம் வந்தது. "விடு, போறது போகட்டும்" என்றார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் சொல்லை நான் தட்டியது அன்றுதான்.

4. மாடுகள் புது ஆள் கைக்கு நுகத்தடியில் கழுத்தைக் கொடுக்கவில்லை. அதனால் கட்டிலும் ஏரும் ஏற்றிய வண்டி தெருமுனையைத் தாண்டுவதற்குள் பதினோரு மணியாகிவிட்டது. அறிவிப்பை நம்பி வந்த ஊர்க்காரர்கள் வண்டிக்கு எதிரே நின்றுவிட்டார்கள். எங்கள் கொல்லர், "ஏலத்துக்கு வந்தோம். ஏலம் எங்கே?" என்று கேட்டார். அதிகாரி, "எல்லாரையும் உள்ளே தள்ளிடுவேன்" என்றார். அது கேட்ட கேள்விக்குப் பதிலாகாது.

நான் போய் மாடுகளை அவிழ்த்தேன். என் குரல் கேட்டதும் அவை என் பின்னால் வந்தன. கட்டிலையும் ஏரையும் இறக்கச் சொன்னதும் நானே. இதைத்தான் திருட்டு என்று அதிகாரி புகார் கொடுத்திருக்கிறார். தூக்கியவர்கள் யார் என்று கேட்டால் சொல்ல மாட்டேன். யாரும் யாரையும் அடிக்கவில்லை. மில் முதலாளியின் செருப்பு சேற்றில் போனதற்கு அவர் ஓடியதே காரணம்.

5. ஊர்க்காரர்கள் விலை கேட்கக் கூடாதென்று முன்பே பேசி வைத்திருந்ததாக அதிகாரி எழுதியிருக்கிறாராம். உண்மைதான். கொல்லர் பட்டறையில் கூடிப் பேசினோம். அடுத்தவன் குடி கெட்டு வருகிற மாடு நம் தொழுவத்துக்கு வேண்டாம் என்று முடிவு செய்தோம். விற்க அரசாங்கத்துக்கு உரிமை உண்டு, ஐயா. வாங்கியே தீர வேண்டும் என்று எங்களைக் கட்டாயப்படுத்தச் சட்டம் உண்டா? இந்தப் பேச்சு காதில் விழுந்துதான் அதிகாரி எட்டரைக்கே மச்சினனைக் கூட்டி வந்தார் என்பது என் துணிபு.

6. உழவனின் ஏரையும் உழவு மாட்டையும் நோயாளியின் படுக்கையையும் ஜப்தி செய்யக் கூடாது என்று தங்கள் அலுவலக வாசலில் தொங்கும் விதிப்பலகையிலேயே இருக்கிறது. நான் மூன்று முறை படித்தேன். காவலாளி விரட்டியதால் நான்காம் முறை படிக்க முடியவில்லை.

ஆகவே நான் மன்னிப்புக் கேட்டு எழுதவில்லை. அந்த ஏலத்தை ரத்து செய்யுங்கள். என்மேல் உள்ள புகாரைத் தள்ளுங்கள். ஏல அதிகாரியை விசாரியுங்கள். நிலத்தை மறுபடி ஏலம் விட்டே ஆக வேண்டும் என்றால் சொன்ன நேரத்துக்கு, ஊரார் முன்னால் விடுங்கள். நாங்கள் எல்லோரும் வருவோம்.

உத்தரவு வரும்வரை மாடுகள் என்னிடம்தான் இருக்கும். அவற்றைப் பிடிக்க ஆள் அனுப்புவதானால் வீட்டுக்கு அனுப்பி என் கணவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம். பகல் முழுவதும் மேற்கு வயலில் உழுதுகொண்டிருப்பேன்.

நாள்: பதினாறாம் தேதி
இடம்: ஏலம் போனதாகச் சொல்லப்படும் அதே வீடு

தங்கள் தீர்ப்புக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
உழவர் மனைவி, இப்போது உழவர்

இணைப்பு: சுவரில் ஒட்டிய அறிவிப்பு ஒன்று.