இருநூற்றுப் பதினான்காம் கல்

மார்ச் 3, செவ்வாய்

காலையில் பல் மருத்துவமனை லிஃப்ட். மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே பல் பிடுங்கிக்கொண்ட ஒருவர். வாய் நிறையப் பஞ்சு, கத்த முடியாமல் கதவைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். வெளியே எடுத்ததும் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். சட்டையெல்லாம் ரத்தம். இரண்டு முறை சோப்புப் போட்டும் போகவில்லை.

மாலையில் மேலாளர் புது வேலைச் சீட்டை நீட்டினார். நினைவகத்து லிஃப்ட்.

ஒரு காலத்தில் ஆட்களைப் பிடித்து அடைத்து வைத்திருந்த கட்டடம் அது. போனவர்கள் திரும்பி வந்ததில்லை. ஆட்சி மாறிய பிறகு பல வருடம் பூட்டிக் கிடந்தது. போன வருடம் வெள்ளையடித்து, செத்தவர்கள் பெயரைக் கல்லில் வெட்டி, நினைவகம் என்று திறந்தார்கள். ஊரே போய்ப் பார்த்தது. நான் போகவில்லை.

"முழங்கால் வலிக்குதுங்க" என்றேன்.

"லிஃப்டுலதான போகப் போறீங்க?"

மார்ச் 4, புதன்

எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் நடந்தது நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

லிஃப்டுக்கு அடியில் ஆளுயரக் குழி ஒன்று இருக்கும். அதில் இறங்கி நின்று சுருள்வில்களுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். பெயர்ச் சுவர் அங்கிருந்து நாலே அடி. வழிகாட்டிப் பெண் ஒருத்தி, கல்லூரிப் பிள்ளைகள் இருபது பேரை நிறுத்தி வைத்து விளக்கிக்கொண்டிருந்தாள்.

"இந்த இருநூத்திப் பதினாலாம் கல்லைப் பாருங்க. வயசு இருபத்திரண்டு. சாதாரண லிஃப்ட் மெக்கானிக். ஆனா கடைசி வரைக்கும் யாரையும் காட்டிக் கொடுக்கல. பயம்னா என்னன்னே தெரியாதவர்."

பரவாயில்லையே, நம்ம தொழிலில் இப்படி ஒருத்தன் இருந்தானா என்று நினைத்தேன். பெயரைப் படித்தாள். என் பெயர். அப்பா பெயர், பிறந்த தேதி, எல்லாம் என்னுடையது.

எனக்குப் பல்லியைக் கண்டாலே பயம்.

குழியிலிருந்து தலையை நீட்டினேன். முன்னால் நின்ற இரண்டு பெண்கள் வீல் என்று அலறினார்கள். "யாருங்க நீங்க?" என்றாள் வழிகாட்டி.

"லிஃப்ட் மெக்கானிக்" என்றேன். வேறு என்ன சொல்வது?

மார்ச் 5, வியாழன்

வேலை முடிந்ததும் அறுநூற்று நாற்பது கற்களையும் ஒவ்வொன்றாகப் படித்தேன். அண்ணன் பெயர் இல்லை.

மார்ச் 6, வெள்ளி

எனக்குப் புரியாமல் இல்லை. நேற்று முன்தினமே, அந்தப் பெண் வாயைத் திறந்தபோதே புரிந்துவிட்டது. முப்பத்தேழு வருடமாக எழுதாததை இங்கே எழுதிவிடுகிறேன்.

அண்ணன் பள்ளியில் பூகோள ஆசிரியர். வகுப்புச் சுவரில் ஆட்சியாளரின் படம் மாட்டியிருக்க வேண்டும் என்று உத்தரவு. ஆறுகள் பற்றிய பாடத்துக்கு அண்ணன் வரைபடத்தை அந்தப் படத்தின் மேலேயே மாட்டிவிட்டான். வகுப்பில் வேறு ஆணி இல்லை. அவ்வளவுதான் குற்றம். மறுநாள் ஆட்சியாளர் முகத்தை மறைத்த துரோகி என்று தேட ஆரம்பித்தார்கள்.

ஊரில் ஊரடங்கு. அத்தியாவசியப் பணியாளர்கள் மட்டும் பாஸ் வைத்துக்கொண்டு நடமாடலாம். அதிகாரிகள் எட்டாம் மாடியில் குடியிருந்ததால் லிஃப்ட் மெக்கானிக் அத்தியாவசியம். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு, ஒரே மீசை. "உன் பாஸைக் குடுடா, ஊரை விட்டுப் போயிடுறேன். என் கார்டை நீ வெச்சுக்க" என்றான். கொடுத்தேன். இரண்டாவது தெருச் சோதனைச் சாவடியிலேயே பிடித்து வண்டியில் ஏற்றியதைப் பால்காரர் பார்த்திருக்கிறார். எதற்குப் பிடித்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. அன்றைக்கு லிஃப்ட் மெக்கானிக்குகளையும் தேடினார்களோ என்னவோ.

நான் என்ன செய்தேன்? நேராக அலுவலகத்துக்குப் போய், பாஸ் தொலைந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்தேன். அன்றே புதுசு கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு வேலைக்குப் போனேன். பிடிபட்டது என் அண்ணன் என்று ஒரு வார்த்தை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்னையும் பிடித்திருப்பார்கள். ஆமாம். இருந்தாலும் சொல்லவில்லை.

அவனை என் பெயரில் பதிந்திருக்கிறார்கள். என் பெயரிலேயே செத்திருக்கிறான்.

மாலை சுவர்ப் பக்கம் போனேன். 214க்குக் கீழே ஒரு வெள்ளைப் பூ. "ஒரு அம்மா வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை மத்தியானமா வந்து வெச்சுட்டுப் போவாங்க. பேச மாட்டாங்க" என்றாள் வழிகாட்டி.

எனக்காகவா? தட்டச்சு வகுப்பில் முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளாக இருக்குமோ?

மார்ச் 8, ஞாயிறு

வழக்கம்போல அண்ணி வீட்டில் சாப்பாடு. எத்தனை வருட ஞாயிற்றுக்கிழமைகள்! தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இன்னும் எதிராளி பேசி முடித்து மூன்று வினாடி கழித்துத்தான் பதில் சொல்வார்.

"புது வேலை எங்க தம்பி?"

"ஏதோ ஒரு அரசாங்கக் கட்டடம் அண்ணி."

மூன்று வினாடி. "இன்னும் கொஞ்சம் போட்டுக்கங்க."

சொல்லவில்லை. கல்லில் அண்ணன் பெயரை ஏற்றிவிட்டு, கையோடு கூட்டிப் போய்க் காட்டுவேன். அதுவரை வாயைத் திறப்பதில்லை.

மார்ச் 9, திங்கள்

நினைவகப் பதிவாளர் நல்ல மனிதர். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். நான் செத்ததற்கு வருத்தம் தெரிவித்தார்.

"இல்லைங்க, நான் சாகல. அதான் பிரச்சினை."

படிவம் கொடுத்தார். 'பாதிக்கப்பட்டவருக்கும் மனுதாரருக்கும் உள்ள உறவு' என்று ஒரு கட்டம். 'நானே' என்று எழுதினேன்.

"'நானே'ன்னு ஒரு உறவு பட்டியல்ல இல்லைங்களே. அப்பா, அம்மா, கணவன், மனைவி, அண்ணன், தம்பி, அக்கா, தங்கை, மகன், மகள். இதுல ஒண்ணுதான் எழுதணும்."

"நான் எனக்கு யாரு சார்?"

யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்.

மார்ச் 12, வியாழன்

'நானே' ஏற்கப்பட்டது, சிறப்பு அனுமதியின் பேரில். உயிரோடு இருப்பதற்குச் சான்று கேட்டார்கள். டாக்டர் நாடி பிடித்துப் பார்த்து எழுதிக் கொடுத்தார். ரத்த அழுத்தம் அதிகமாம். இருக்காதா பின்னே!

அண்ணன் பெயரைச் சேர்க்கத் தனி மனு.

மார்ச் 13, வெள்ளி

துவைத்து வைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, மீசைக்கு மை தடவிக்கொண்டு கிளம்பினேன். மத்தியானம் பார்த்துப் பல் மருத்துவமனை லிஃப்ட் மறுபடி நின்றது. திரும்பி வந்தபோது பூ மட்டும் இருந்தது.

மார்ச் 17, செவ்வாய்

வழிகாட்டிப் பெண்ணிடம் நான்தான் 214 என்று சொல்லிவிட்டேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "அப்போ அந்தப் 'பயம்னா என்னன்னே தெரியாதவர்' வரியை எடுத்துடணுமா ஐயா?"

"இப்போதைக்கு இருக்கட்டும்" என்றேன்.

மார்ச் 24, செவ்வாய்

முடிவு வந்துவிட்டது. காலம் சென்ற திரு. என்று என் பெயருக்கு விலாசமிட்ட கடிதம். நான் உயிரோடு இருப்பதை ஒப்புக்கொள்கிறார்களாம். ஏப்ரல் 13 அன்று 214ஆம் கல்லிலிருந்து என் பெயரைத் தேய்த்து எடுத்துவிடுவார்களாம். பாதிக்கப்பட்டவரின் உறவினர் யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் அதற்குள் தெரிவிக்கலாம்.

அண்ணன் மனு தள்ளுபடி. ஓடினேன்.

"உங்க அண்ணன் உள்ள வந்ததுக்கே பதிவு இல்லைங்களே. வராதவர் எப்படிங்க இங்க சாக முடியும்?" என்றார் பதிவாளர். "ரெக்கார்டுப்படி அவர் காணாமப் போனவர். அதாவது உயிரோட இருக்கார். நல்ல சேதிதானே?"

அடப்பாவி! என்று வாய்வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்தால் நிஜமாகவே சந்தோஷப்படுகிறார்.

அப்படியென்றால் 13ஆம் தேதிக்குப் பிறகு அந்தச் சுவரில் நானும் இல்லை, அவனும் இல்லை. வெறும் கல்.

மார்ச் 27, வெள்ளி

பன்னிரண்டு மணியிலிருந்து குழிக்குள் நின்றேன். பூ வைக்கிறவளிடமாவது உண்மையைச் சொல்லி, இனி வராதே அம்மா என்று சொல்லலாம் என்று. மீசைக்கு மையும் தடவியிருந்தேன். வெட்கக்கேடு.

செருப்புச் சத்தம் கேட்டு மேலே ஏறினேன்.

அண்ணி.

நான் குழிக்குள் பாதி, வெளியே பாதி. அவர் மூன்று வினாடி பார்த்தார். "மீசைல என்ன தம்பி?" என்றார்.

பிறகு தரையிலேயே உட்கார்ந்துவிட்டோம். திறந்த முதல் வாரத்திலிருந்து வருகிறாராம். வந்த அன்றே கல்லைக் கண்டுபிடித்துவிட்டாராம். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"அந்தப் பாஸை அவர் சட்டைப் பைல வெச்சுப் பின் குத்தி விட்டதே நான்தானே."

"அப்போ நான் தொலைஞ்சுபோச்சுன்னு எழுதிக் குடுத்தது…"

"அதுவும் தெரியும். எங்க நிலையம் வழியாத்தான உங்க ஆபீஸ் போன் வரும்."

தெரிந்துகொண்டே முப்பத்தேழு வருடம் எனக்குச் சாப்பாடு போட்டிருக்கிறார். எனக்கு அழுகை வந்தது. அவருக்கு முன்னால் முதல் தடவையாக அழுதேன். ஏன் என்னைத் திட்டவில்லை அண்ணி என்று கேட்டேன். "ஒருத்தரைத்தான் எடுத்துட்டுப் போனாங்க. நீங்களாவது இருக்கட்டுமேன்னு" என்றார்.

பெயரைத் தேய்க்கப் போவதைச் சொன்னேன். இந்தத் தடவை மூன்று வினாடி காத்திருக்கவில்லை. "யாரைக் கேட்டு எழுதிக் குடுத்தீங்க? பேரு யாருதா இருந்தா என்ன, ஆளு அவருதானே? அதையும் எடுத்துட்டா நான் எங்க போய் நிப்பேன் தம்பி?"

மார்ச் 30, திங்கள்

மனுவைத் திரும்பப் பெறப் போனேன்.

"நீங்க உயிரோட இருக்கீங்கன்னு ஒத்துக்கிட்டாச்சே. இனி அந்தக் கல்லுக்கும் உங்களுக்கும் சம்பந்தமே இல்லைங்க. ஆட்சேபிக்கணும்னா செத்தவரோட சொந்தக்காரங்க வரணும்."

அண்ணி வருவார் என்றேன். பட்டியலைப் பார்த்தார். அண்ணி என்ற உறவு அதில் இல்லை. "அண்ணன் செல்லும்" என்றார்.

அண்ணன் செல்லும்!

ஏப்ரல் 5, ஞாயிறு

சாப்பிடவே பிடிக்கவில்லை. எட்டு நாள்தான் இருக்கிறது. அண்ணன் வந்து ஆட்சேபித்தால் கல் பிழைக்கும், ரெக்கார்டுப்படி அவன் உயிரோடுதான் இருக்கிறான், ஆனால் எங்கே போய்க் கூட்டி வருவது என்று புலம்பினேன்.

அண்ணி எழுந்து போய் அலமாரியைத் திறந்து எதையோ கொண்டுவந்து தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். அன்று அண்ணன் என்னிடம் கொடுத்துவிட்டுப் போன கார்டு. பயத்தில் நான்தான் அண்ணியிடம் தள்ளிவிட்டிருந்தேன். ஆசிரியர் அடையாள அட்டை. அதே மூக்கு, அதே மீசை.

"மை இன்னும் மிச்சம் இருக்கா?" என்று கேட்டார்.

ஏப்ரல் 7, செவ்வாய்

பதிவாளர் அட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"போன வாரம் வந்தவர் நீங்கதானே?"

"அது என் தம்பி."

"உங்க தம்பி…" சுவர்ப் பக்கம் கையைக் காட்டினார்.

"ஆமாங்க" என்றேன்.

வெகு நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு படிவத்தைப் பார்த்தார். உறவு: அண்ணன். எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது, பட்டியலுக்குள்ளேயே. முத்திரை குத்தினார். "உங்க தம்பிக்காக வருத்தப்படுறேன் சார்" என்றார். அவருக்குப் புரிந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

அண்ணன் கையெழுத்தைப் போட்டேன். முதல் எழுத்தை அவன் சுழிப்பதுபோலவே சுழித்து.

ஏப்ரல் 13, திங்கள்

பல் மருத்துவமனை லிஃப்ட். கல் தேய்க்க யாரும் வரவில்லை என்று வழிகாட்டிப் பெண் போன் செய்தாள்.

ஏப்ரல் 17, வெள்ளி

விடுப்பு எடுத்துக்கொண்டு அண்ணியோடு போனேன், பார்வையாளனாக. பாதிக்கப்பட்டவரின் உறவினர் என்று வாயிலில் ஒரு பாஸ் எழுதிக் கொடுத்தார்கள். அதில் அண்ணன் பெயர். அண்ணி கைப்பையிலிருந்து பின் எடுத்து அதை என் சட்டைப் பையில் குத்திவிட்டார்.

சுவரருகே ஒரு கூட்டம். வழிகாட்டிப் பெண் என்னையும் பாஸையும் கண்டதும், "இவர்தான் 214ஓட அண்ணன்" என்றாள், முகத்தை இம்மியும் மாற்றாமல். "நீங்களே சொல்லுங்க ஐயா."

சொன்னேன். ஆணி இல்லாத வகுப்பைப் பற்றி, ஆறுகளின் வரைபடத்தைப் பற்றி. "லிஃப்ட் மெக்கானிக்குக்கு எதுக்குங்க மேப்?" என்று ஒருவர் கேட்டார். "அவனுக்கு ஆறுன்னா உயிர்" என்றேன். அது உண்மைதான். அண்ணி தலையாட்டினார்.

வெளியே வரும்போது வாயிற்காவலர் பாஸைத் திருப்பிக் கேட்டார். பின்னைக் கழற்றிப் பாஸை உள்பைக்குள் போட்டுக்கொண்டது எப்போது என்று எனக்கே தெரியவில்லை.

"தொலைஞ்சுபோச்சுங்க" என்றேன்.

புதுசு எழுதித் தரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.