பாதரசம் பற்றிய ஐந்தாவது குறிப்பு

ஜூலை 1, திங்கள்

ஒன்பதாம் வகுப்பில் முதல் நாள். இருபத்தாறு பேர். கல்லூரியில் முப்பது வருடம் வேதியியல் நடத்தியவன், ஓய்வுக்குப் பிறகு தற்காலிக ஆசிரியராக இந்தப் பிள்ளைகள் முன் நின்றேன். பனிக்கட்டி, நீர், நீராவி. பிறகு கற்பூரம்: உருகாமல் நேரே வாயுவாகும் திண்மம்.

பிரவீன் எழுந்தான். "சார், எங்க ஊட்டுல சாம்பிராணி போடறதும் இதேதானுங்களா?"

இல்லை, அது எரிந்து வரும் புகை என்றேன்.

"அப்ப எங்கம்மா வெறும் பொகைதான் போடுதுங்க."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

ஜூலை 4, வியாழன்

தனிமம், சேர்மம், கலவை. ஆய்வக அலமாரியில் பழைய பாதரசக் குப்பி ஒன்று கிடைத்தது. தட்டில் ஊற்றினேன். ஓடிய துளிகள் தொட்டதும் ஒன்றானபோது பின்வரிசை முழுதும் எழுந்து நின்றது.

குறிப்புத்தாளில் ஐந்து வரி எழுதிப் போயிருந்தேன். பாதரசம் ஒரு தனிமம், சாதாரண வெப்பத்திலேயே திரவமாக இருக்கும் உலோகம். தங்கத்தில் பட்டால் தங்கம் வெளுக்கும். அப்படி வெளுத்தது சேர்மமல்ல, கலவை. சூடு காட்டினால் பாதரசம் ஆவியாகிப் போகும், தங்கம் மிஞ்சும். இதுவரை சொன்னேன், மணி அடித்துவிட்டது. செம்மேடு பஸ்ஸுக்கு எல்லோரும் ஓடினார்கள். குப்பியை வகுப்புத் தலைவி ஆர்த்தியிடம் கொடுத்து அலமாரியில் வைக்கச் சொன்னேன்.

ஐந்தாவது, அந்த ஆவி கொடிய நஞ்சு. நாளை சொல்ல வேண்டும்.

ஜூலை 5, வெள்ளி

பெருமழை. பள்ளி இல்லை.

ஜூலை 8, திங்கள்

ஆர்த்தி வரவில்லை. அவள் அம்மா விஜயாவுக்குக் காய்ச்சலாம், மூச்சுத் திணறலாம், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம். தமிழாசிரியை கலைமணி சொன்னார்.

மதியம் பிரவீன் சிரித்துக்கொண்டே வந்தான். "சார், நீங்க சொன்னது நெசந்தானுங்க. ஆர்த்தி பேனா மூடில கொஞ்சம் ஊட்டுக்குக் கொண்டு போயிருச்சு. அவுங்கம்மா தொட்டுப் பாத்து, தாலி வெள்ளையாப் போச்சாம். சூடு காட்டுனதும் மறுபடி மஞ்சளாயிருச்சாம்!"

அலமாரியைத் திறந்தேன். குப்பி கால்வாசி குறைந்திருந்தது.

உறுதியாகத் தெரியாமல் டாக்டரிடம் என்னவென்று போய்ச் சொல்வது? மழைக்காலம். வெறும் சளிக்காய்ச்சலாகவும் இருக்கலாம் அல்லவா?

ஜூலை 9, செவ்வாய்

பஸ் நிறுத்தம் வரை போனேன். இரண்டு பஸ் போயின. திரும்பிவிட்டேன். வேலை போய்விடும் என்றா? போலீஸா? எதற்குப் பயந்தேன் என்று இப்போது எழுதக்கூடத் தெரியவில்லை.

ஜூலை 10, புதன்

போய்ச் சொன்னேன். டாக்டர் சின்ன வயசுப் பெண். "நிமோனியான்னுதான் சார் பாத்துட்டிருக்கோம். உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"இன்னைக்குத்தான்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? உடனே ஆம்புலன்ஸில் சேலம் அனுப்பினார்கள். விஜயாவின் உதடு நீலமாக இருந்தது. ஆர்த்தி தலைமாட்டில் ஏறி உட்கார்ந்தாள். என்னைப் பார்த்து, "சார், அம்மாவுக்குச் சரியாயிரும்ங்களா?" என்றாள். தலையாட்டினேன்.

ஜூலை 13, சனி

விஜயா இறந்துவிட்டாள். முப்பத்தைந்து வயது.

ஜூலை 15, திங்கள்

கலைமணி துக்கத்துக்குப் போய்வந்து சொன்னது: வெளுத்த தாலியைக் கணவர் பார்த்துவிடக் கூடாதென்று விஜயா சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். தாலியோடு பேனா மூடியில் மிச்சமிருந்ததும் இரும்புச் சட்டிக்குள் போயிருக்கிறது. அப்பா வருகிறாரா என்று பார்க்க ஆர்த்தி வெளியே நின்றாள். அதனால் அவளுக்கு ஒன்றுமில்லை.

"யார்கிட்டயும் பேசறதில்லைங்க சார். சோறு வெச்சா, 'நாந்தான் சூடு காட்டச் சொன்னேன், நாந்தான் கொன்னுட்டேன்'னுது."

அய்யோ. நான் சொல்ல வேண்டியதை அந்தப் பிள்ளை சொல்லிக்கிட்டிருக்கு.

ஜூலை 22, திங்கள்

ஆர்த்தியின் ஊரான குண்டனி நாட்டுக்குப் போனேன், காரியத்துக்கு. ஆட்கள் நிறைய இருந்தார்கள். என்ன பேசுவதென்று தாளில் எழுதி வைத்திருந்தேன், எடுக்கவில்லை. ஆர்த்தியின் அப்பா தனபால் முன்னால் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். இதில் இந்தப் பிள்ளையின் தப்பு ஒன்றுமில்லை. குப்பியை அவள் கையில் கொடுத்தது நான். சூடு காட்டினால் போய்விடும் என்று சொன்னது நான். அந்த ஆவி ஆளைக் கொல்லும் என்று சொல்லாமல் விட்டதும் நான். திங்களன்றே தெரியும், புதன்கிழமைதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரிடமும் பொய் சொன்னேன்.

யாரோ சட்டையைப் பிடித்தார்கள். தனபால் விடச் சொன்னார்.

"ரெண்டு நாளுங்களா?" என்றார். மறுபடியும், "ரெண்டு நாளு." பிறகு, "போயிருங்க சாமி. இங்க நிக்காதீங்க."

ஆர்த்தி சுவரை விட்டு எழுந்து என்னைப் பார்த்தாள். அழவில்லை.

ஜூலை 23, செவ்வாய்

தலைமையாசிரியர் அர்த்தனாரியிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். "இப்படியா எழுதுவாங்க? கொஞ்சம் மாத்தி எழுதுங்க சார்" என்றார். மாற்றவில்லை. நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்.

ஜூலை 29, திங்கள்

விசாரணைக்கு நாமக்கல் போய்வந்தேன். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். அடுத்த மாதமும் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 5, திங்கள்

கலைமணி போன் செய்தார். ஆர்த்தி இன்று பள்ளிக்கு வந்தாளாம். மதியம் சாப்பிட்டாளாம்.

என்னைப் பற்றி ஏதாவது கேட்டாளா என்றேன். "சொன்னா சங்கடப்படாதீங்க சார். உங்க பேரை யாரோ எடுத்தாங்க. 'அந்தாளுதான் எங்கம்மாவைக் கொன்னது'ன்னு சொல்லிட்டுத் தட்டைக் கழுவப் போயிட்டா."

வயிறு நிறையச் சாப்பிட்டாளா என்று கேட்டேன். ரெண்டாவது தடவையும் சோறு வாங்கினாள் என்றார்.