லண்டனில் ஒரு வாக்கு, பாரிசில் நாற்பது கடை

2019 ஜனவரி 15, செவ்வாய்

லண்டன் பாராளுமன்றத்தில் இன்று பிரெக்சிற் ஒப்பந்தம் தோற்றது. இருநூற்று முப்பது வாக்கு வித்தியாசம். களஞ்சியத்தில் மிளகாய்த்தூள் பெட்டிகளை ஒட்டிக்கொண்டே கைபேசியில் பார்த்தேன்.

தம்பி நிஷான் ஈஸ்ட்ஹாமில் தூள் பொதிசெய்து பாரிசில் நாற்பது தமிழ்க் கடைகளுக்கு அனுப்புகிறான். என்னுடையதும் அதே தூள்தான். ஆனால் எனக்கு மொன்றியலோடு சரி. அந்த நாற்பதில் ஒருவர்கூட அவனை விட்டு என்னிடம் வந்ததில்லை. எல்லையில் சோதனையும் கடதாசியும் வந்தால் அவன் லொறி பிரெஞ்சுக் கரையில், கலேயில் நின்று காயும். எனக்கோ இங்கே மொன்றியல் துறைமுகத்திலிருந்து பிரான்சுக்குக் கப்பல் இருக்கிறது.

ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுததாம். நான் அழவில்லை. மழை விடக்கூடாது என்றுதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 27

லண்டன் பாராளுமன்றத்தில் வெளியேற்றத்துக்கு எட்டு யோசனைகள். ஒன்றுக்கும் பெரும்பான்மை இல்லை.

நிஷான் எடுத்தான். என் மனைவி றோசா ஸ்பீக்கரில் போட்டாள்.

"அண்ணி, இண்டைக்குப் பாராளுமன்ற மேல்மாடத்தில இருந்து பார்த்தனான். ஆளையாள் கிழிச்சுப்போட்டு, பேந்து அமைதியாய் வாக்குப் போடினம். இதெல்லோ சனநாயகம்!"

"உம்மடை கதையைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம்" என்றாள். கலியாணம் முடித்து இருபத்திரண்டு வருடம். என் கதையைப் பற்றி அப்படி ஒரு சொல் வந்ததில்லை.

"எட்டு விலைக்கும் மாட்டன் எண்டிறவன் வாங்க வரேல்லை, பொழுதுபோக்க வந்தவன்" என்றேன்.

"உங்களுக்கு எல்லாம் சந்தைதான்" என்றாள் றோசா.

விடவில்லை. தொண்ணூற்றைந்தில் கியூபெக் பிரிவதா என்று இங்கேயும் கேட்டார்களே, நான் வேண்டாமென்று போட்டேனே, ஐம்பத்து நாலாயிரம் வாக்கில் நாடு தப்பியதே!

"இதை எத்தினை தரம் சொல்லுவியள்?"

செப்டம்பர் 24

லண்டன் பாராளுமன்றத்தை மூடிவைத்தது செல்லாதாம். பதினொரு நீதிபதிகளும் ஒரே முடிவு, பிரதமருக்கே அடி. அப்படி ஒரு நாடு அவனுக்கு. எனக்குப் பனியும் பிரெஞ்சு வகுப்பும்.

கனடாவிலும் நீதிமன்றம் இருக்கிறது, தெரியும். பொறாமைக்குத் தெரியவில்லை.

டிசம்பர் 13

பிரித்தானியத் தேர்தல் முடிவு வந்துவிட்டது. இனி வெளியேற்றம் உறுதி. றோசா வேலைக்குப் போனபின் நிஷான் எடுத்தான்.

"அண்ணை, பாரிசை நீங்கள் எடுங்கோ. என்னால இனி ஏலாது."

பதினொரு மாதமாகக் காத்திருந்த சொல். உடனே விலையைச் சொல்லியிருக்க வேண்டும். வாய் வேறொன்றைக் கேட்டது: "நீ அந்த 2016 வாக்கெடுப்பில என்னத்துக்கடா வாக்குப் போட்டனி?"

"வெளியேறத்தான். அண்ணிக்குச் சொல்லிப்போடாதேங்கோ."

"விசரா! பாரிசை வைச்சுக்கொண்டா?"

"நீங்கள் சொல்லித்தானே போட்டனான். வாக்குக்கு முதல் கிழமை எடுத்துக் கேட்டனான். 'நான் தொண்ணூத்தஞ்சில போட்டனான், ஒண்டும் மாறேல்லை. எதுக்குப் போட்டாலும் அவங்கள் ஒண்டும் செய்யமாட்டாங்கள்' எண்டியள். வாக்குப் போட்ட மனுசன் சொல்லுது, வெளியேறெண்டு போட்டாலும் ஒண்டும் நடக்காதெண்டு நம்பினன்."

வாக்குப் போட்ட மனுசன்!

தொண்ணூற்றைந்து ஒக்டோபரில், அந்தத் திங்கட்கிழமை, என் முதல் கொள்கலன் துறைமுகத்தில் இறங்கியது. லொறிக்காக நின்றேன் — வாக்குச்சாவடி பூட்டும்வரை நின்றேன். அடுத்த நாள் கடையில் யாரோ கேட்க, போட்டேன் என்றேன். அன்று தொடங்கிய பொய்.

அவன் பிழையாகப் போட்டான். ஆனால் வாக்குச்சாவடிக்குப் போனானே. இதற்குமா எனக்கு எரிய வேண்டும்?

டிசம்பர் 14

விலை கேட்டு எழுதியிருக்கிறான். பதில் போடவில்லை.

2020 ஜனவரி 31

மாலை ஆறு மணி. லண்டனில் பதினொன்று, வெளியேறிவிட்டார்கள். நிஷான் ஸ்பீக்கரில், றோசா தேத்தண்ணியோடு. இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொன்னேன்: தொண்ணூற்றைந்தில் நான் வாக்குப் போடவில்லை. லொறிக்கு நின்றேன்.

றோசா கோப்பையை வைத்தாள். "லொறியெண்டாலும் வந்ததோ?"

"இல்லை. அடுத்த நாள்தான்."

அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. என் கதைக்கு அவள் சிரித்து எத்தனை வருடம்!

"அட பாவி அண்ணை!" என்றான் நிஷான். "அண்ணி, நானும் ஒண்டு சொல்லோணும்."

அதையும் சொன்னான். பிறகுதான் விலை பேசினோம். இலாபத்தில் எழுபது வீதம் கேட்பதென்று முன்பே குறித்து வைத்திருந்தேன். கேட்கவில்லை.

பேசி முடித்தது: எல்லைச் சோதனை தொடங்கும் வருகிற ஜனவரியிலிருந்து நாற்பது கடைக்கும் தூள் மொன்றியலிலிருந்து போகும். கடைக்காரரோடு கதைப்பது அவன். இலாபம் ஐம்பதுக்கு ஐம்பது. பெட்டியில் அவன் பெயர்.