கடிதம் இல்லாத பை

2009 ஏப்ரல் 20, திங்கள்

கல்முனை வங்கிக் கிளையின் சேவர் அறையில் நாலு இரும்பு றாக்கையும் நிறுத்திவிட்டோம். இனி ஒரு றாக்கில் உள்ள நெட்வேர்க் சுவிட்சை மற்ற றாக்குகளோடு கேபிளால் இணைக்க வேண்டும். கேபிளின் இரண்டு முனையிலும் ஒரே இலக்கத்தை ஒட்டச் சொன்னேன். காரைதீவுக் கேதீஸ் முதலே ஒட்டி வைத்திருந்தான். என்னோடு வேலைக்கு வந்து மூன்று வருடமாகிறது, இன்னும் ஏன்தான் வாயைத் திறக்கிறேனோ.

கருவிப் பையைத் தூக்குவதும் அவன்தான். சுனாமியில் மதில் விழுந்த முதுகு எனக்கு. பாரம் தாங்காது.

ஏப்ரல் 24, வெள்ளி

கேதீஸைப் பிடித்துவிட்டார்கள்.

அக்கரைப்பற்றுக் கிளையில் வேலை. "நீ பையக் கொண்டு முன்னுக்குப் போ, நான் ஜும்மா முடிச்சிட்டு வாறன்" என்றேன். செக் பொயின்டில் பையைத் திறந்தால் வயர், கத்தி, லைட் எரிகிற பெட்டி. யுத்தம் நடக்கிற இந்தக் காலத்தில், ஒரு தமிழ்ப் பொடியன் கையில்! கம்பனி தந்த அனுமதிக் கடிதம் எங்கே? என் பொக்கட்டில். தொழுகையில் சுஜூதுக்குக் குனிந்தபோது அது நெஞ்சில் மடங்கியதுகூடத் தெரிந்தது. அப்போதும் புத்தி வரவில்லை.

பொலிசுக்குப் போனேன். நாளைக்கு வா என்றார்கள்.

அவன் மனைவி துஷாந்தினி எனக்குப் போன் எடுத்தாள். அழவில்லை. "கடிதம் ஆரிட்ட இருந்திச்சு காக்கா?"

"என்னிட்டதான் தங்கச்சி."

ஏப்ரல் 25, சனி

என் மனைவி றாபியா வாசலில் மறித்தாள். "உங்களையும் உள்ளுக்குப் போட்டா நான் என்ன செய்ற?" அவள் கேட்டது நியாயம்தான். ஆனாலும் போனேன்.

பொலிசில் கடிதத்தைக் காட்டினேன், அதில் என் பெயர் மட்டும். அதிகாரி அந்த லைட் பெட்டியைத் தட்டி, இது என்ன என்றார். தெரிந்த சிங்களத்தில், கேபிள் சோதிக்கிற பெட்டி, செய்து காட்டுகிறேன் சேர் என்றேன். எட்டு நிறக் கம்பியையும் வரிசையாக்கி, முனையில் கிளிப் அடித்துப் பெட்டியில் சொருகினால், ஒன்று முதல் எட்டு வரை லைட் ஒழுங்காக எரிய வேண்டும். சொருகினேன். மூன்றுக்குப் பிறகு ஆறு எரிந்தது. பதினைந்து வருட வேலைக்காரன் நான்! அதிகாரியின் முகம் மாறிவிட்டது.

வாங்குப் பலகையில் இருந்த கேதீஸ் தலையைத் தூக்கினான். "காக்கா, பச்சையும் நீலமும் மாறிட்டு. வெட்டிட்டு மறுகா அடிங்க."

அதிகாரி எல்லாவற்றையும் அவன் பக்கம் தள்ளினார். அவன் அடித்தான். ஒன்று, இரண்டு, மூன்று... எட்டு.

பின்நேரம் அவனை விட்டார்கள். கன்னம் வீங்கியிருந்தது. நான் பார்க்காதபடி முகத்தைத் திருப்பிக்கொண்டே நடந்தான்.

ஏப்ரல் 28, செவ்வாய்

வேலைக்கு வந்தான். இரண்டு பெயரும் போட்ட புதுக் கடிதத்தை நீட்டினேன். "நீங்களே வச்சிக்கங்க காக்கா. பையையும்."

தூக்கினேன். மாடிப்படியில் இரண்டு தரம் இருந்து எழும்ப வேண்டியிருந்தது.

மே 6, புதன்

நாலாவது றாக். அவன் இலக்கம் மட்டும் சொன்னான், நான் ஒட்டினேன். மன்னிப்புக் கேட்கலாம்தானே? கேட்டேனா— இல்லை.

மே 19, செவ்வாய்

யுத்தம் முடிந்ததாம். தெருவில் வெடி கொளுத்துகிறார்கள். கேதீஸ் வரவில்லை.

மே 21, வியாழன்

மன்னிப்புக் கேட்டுவிட்டேன். "கடிதத்த மறந்தது என்ட பிழை, கேதீஸ்."

"ஓம்" என்றான். அவ்வளவுதான்.

ஜூன் 11, வியாழன்

மறுபடியும் அக்கரைப்பற்றுக் கிளை. பஸ் வந்ததும் பையைத் தூக்கக் குனிந்தேன். காலடியில் பையைக் காணவில்லை. அவன் அதைத் தோளில் போட்டு ஏறியிருந்தான்.

நானும் ஏறிப் பக்கத்தில் இருந்தேன். கையை நீட்டினான். "கடிதத்தத் தாங்க."

கொடுத்தேன். தன் பொக்கட்டில் வைத்துக்கொண்டான்.