அப்பாவின் சுண்ணாம்புச் சிலுவை

அம்மா,

தமாலே கொழுக்கட்டை பானையில் சூடாக இருக்கிறது. ஒன்பதாம் நாள் ஜெபத்துக்கு வரும் ஒதிலியா அத்தை வீட்டுக்கு எடுத்துப்போக ஆறு கேட்பாள், மூன்றில் படியவைத்துவிடு.

"அப்பன் குழி ஈரம் காயல, அதுக்குள்ள இரும்பு தூக்கப் போறியாடி?" என்று கேட்டதோடு சரி, நேற்றிலிருந்து நீ பேசவேயில்லை. பளுதூக்கும் போட்டிக்கு என் பேரைக் கொடுத்ததே அப்பாதானே?

கத்தாதே. அப்பாவைக் கிடத்தியிருந்த தரையில் போட்டு, இன்று ஜெபம் முடிந்ததும் அள்ளி அவர் குழியில் போடவேண்டிய சுண்ணாம்புச் சிலுவையை, கிளம்பும் அவசரத்தில் மிதித்துவிட்டேன். ஒரு பக்கம் கலைந்துபோனது. பளு வழுக்காமலிருக்கக் கையில் பூசும் வெள்ளை மாவைத் தூவிச் சரிசெய்திருக்கிறேன். பாதிரியார் கண்டுபிடிக்கமாட்டார். அப்பா கண்டுபிடித்துச் சிரிப்பார்.

நான் வரும்வரை யாரையும் அள்ளவிடாதே.

நயேலி

மாவு தீர்ந்துவிட்டது. கை இப்போதே வியர்க்கிறது.

சாவியை எடுத்துப் போகவில்லை. வந்து தட்டுவேன். திறந்து, திட்டவாவது செய்.